அந்தப் பேரில் ஆள் இல்லை

“அப்ப மூணு தடவையும் ஒங்க காதுல விழுந்துருக்கு.”

“விழுந்துச்சு. காதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. தொண்டைதான சீக்கு.”

“விழுந்தும் எந்திரிக்கல.”

“அந்தப் பேருல இப்ப ஆளு இல்லியேல. நான் எந்திரிச்சா பொய்யாயிராதா?”

“காலைல அஞ்சரைக்குப் போய்ப் பனியில நின்னு எடுத்த சீட்டுண்ணே.”

“நானும்தான நின்னேன். சீட்டுல நீ என்ன எழுதச் சொன்னேன்னு எனக்கு எப்படித் தெரியும்? பச்சைமுட்டூ, பச்சைமுட்டூன்னு அவன் கூவுதான். நம்ம பக்கத்து ஆளு எவனோ இங்கயும் வந்து சீக்காக் கெடக்கான் போலன்னு நானும் சுத்திச் சுத்திப் பாத்தேன்.”

 பெரிய ஆஸ்பத்திரிக்கும் தம்பி குடியிருக்கும் கிட்வாய் நகருக்கும் நடுவே ரிங் ரோடு கிடந்தது. அண்ணனும் தம்பியும் அதைக் கடப்பதற்காக ஓரமாய் நின்றார்கள். மணி பதினொன்றாகியும் பனி விலகவில்லை. லாரிகள் மஞ்சள் விளக்கோடு பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே போயின. ஆசிய விளையாட்டுக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளங்களின் ஓரத்தில் மண் மூட்டைகள் வரிசையாகப் படுத்திருந்தன. அந்த வெளிச்சத்தில் அவை மண் மூட்டைகளாகத் தெரியவில்லை. தம்பி ஜோதிலிங்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பதினைந்து வருஷமாக டெல்லியில் மத்திய சர்க்கார் குமாஸ்தா. அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கழுத்தில் மப்ளரும், மப்ளருக்குள் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டியும். எட்டு மாதத்துக்கு முன்பு வரை அவர் பெயர் பச்சைமுத்து. அந்த எண்பத்தொன்றாம் வருஷம் திருநெல்வேலி ஜில்லாவில் தெருத் தெருவாக மதம் மாறுகிறார்கள் என்ற செய்தி டெல்லி பேப்பர்களில் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அப்படி மாறியவர்களில் அவரும் ஒருவர். இப்போது சுலைமான். அந்தப் பெயரைத் தம்பி ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. உச்சரிக்கத் தேவையும் இருக்கவில்லை. “அண்ணே” என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது.

சீட்டு எழுதும் ஜன்னலில் மட்டும் அது மூடவில்லை. அன்று காலை அவர்களுக்குப் பின்னால் அதே வரிசையில் ராஜகோபாலன் நின்றார். ஜோதிலிங்கத்தின் செக்‌ஷன் ஆபீசர். மனைவி காமாக்ஷிக்கு முழங்கால் வலி, அதற்குச் சீட்டு எடுக்க வந்தவர்.

“யாரு, ஒன் அண்ணாவா? ஊர்லேர்ந்து எப்ப வந்தார்?” என்று அன்பாகத்தான் கேட்டார். “திருநெல்வேலின்னா அங்கதானேப்பா இப்ப இந்தக் கலாட்டாவெல்லாம் நடக்கறது? ஒங்க ஊர்ப்பக்கம் ஒண்ணுமில்லையே?”

“இல்ல சார். நம்ம ஊர்ல ஒண்ணும் இல்ல.”

அந்தச் சமயத்தில் ஜன்னலுக்குள்ளிருந்து “நாம்?” என்று கேட்டார்கள். ஜோதிலிங்கம் சொன்ன பெயர் பச்சைமுத்து. பிறகு, “பிதா கா நாம்?” சுடலைமுத்து. அப்பா பெயரில் பொய் இல்லை.

பிறகு அவன் டீ வாங்கப் போனான். இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தபோது முறை போய்விட்டிருந்தது. அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

“வா, கடப்போம்,” என்றார் அண்ணன். பனிக்குள் ஒரு சைக்கிள்காரன் மணியடித்தபடி, “பாய் சாப், ஹட்டோ,” என்று கத்திக்கொண்டு போனான். அவர் ஒதுங்கி, அவன் முதுகைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா. பனியிலகூடக் கண்டுபிடிச்சுட்டான்.”

வந்திறங்கிய நாளிலிருந்து இது நடந்துகொண்டிருந்தது. ஸ்டேஷனில் கூலிக்காரன் “பாய்” என்றான். பஸ் கண்டக்டர் “பாய், ஆகே சலோ” என்றான். பால் பூத்தில், காய்கறி வண்டியில், எல்லாரும் பாய். ஊரில் அந்தச் சொல்லைச் சம்பாதிக்க அவருக்கு ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. அதுவரை “ஏலே” தான். சின்னப் பையன்கள்கூட “ஏலே பச்சை” என்று கூப்பிட்ட தெரு ஒரே வாரத்தில் “வாங்க பாய்” என்றது. டெல்லியில் தொப்பிகூடப் போடாமல் மப்ளர் சுற்றிக்கொண்டு போனாலும் தன்னைப் பார்த்தவுடன் எல்லாருக்கும் எப்படித் தெரிந்துவிடுகிறது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜோதிலிங்கம் அவரைத் திருத்தவில்லை.

வீட்டில் திருத்தியது செல்வி. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள், டெல்லியிலேயே வளர்ந்தவள். ரஜாய்ப் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“பெரியப்பா, பாய்னா பிரதர். மத்லப்... அண்ணா. எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

“எல்லாரையுமா?”

“ஹாங், எல்லாரையும்.”

“ஒங்க அப்பா ஆபீசுல அந்த அய்யரு இருக்காரே, அவரையுமா?”

“அவரையும்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கட்டி இருக்கும் பக்கமாகத் தலையை லேசாகச் சாய்த்து யோசிப்பது அவர் வழக்கமாகிவிட்டிருந்தது.

“அப்ப நல்ல ஊருதான்,” என்றார்.

ஜோதிலிங்கம் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். “பாய்னு கூப்பிடுவான். அடுத்தாப்புல, முழுப் பேரு என்னம்பான். முழுப் பேரச் சொன்னா, அதுக்குப் பின்னால சாதிப் பேரு என்னம்பான். நாம எதுவும் இல்லம்போம். அவனுக்குப் புரிஞ்சிரும். அதுக்கப்புறம் வீடு காலி இல்லம்பான்.”

“சவத்த விடு,” என்றார் அண்ணன்.

ஊரில் எதற்கும் சொல்லும் சொல் அது. பால் திரிந்தால், பஸ் போய்விட்டால், சவத்த விடு. டெல்லியில் பதினைந்து வருஷமாக அதைக் கேட்காத ஜோதிலிங்கத்துக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி வள்ளி வந்தாள். கையில் ஆட்டுக்கால் சாறு. மிளகும் சீரகமும் தூக்கலாக, அண்ணனால் விழுங்க முடிகிற மாதிரி வடிகட்டியிருந்தாள்.

“சூடா இருக்கையிலேயே குடிங்க அத்தான்.”

அவர் கிண்ணத்தை வாங்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல ஒங்க ஆளு கடைலதான் வாங்குனேன்,” என்றாள் வள்ளி. “தயங்காமக் குடிங்க.”

அவள் அந்த மாற்றத்துக்கு ஒருநாளும் சம்மதித்தவள் அல்ல. அவர் தொழும்போது வராந்தாவின் திரைச்சீலையை இழுத்துவிடுவாள். எதிர்க் குவார்ட்டர்ஸுக்குத் தெரிந்துவிடக்கூடாது. ஆனால் கறிக்கடைக்குக் குளிரில் தானே நடந்து போய் வந்திருந்தாள். கணவனிடம் சொல்லவில்லை. அவர் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு அவர் தொழ எழுந்தார். வெயில் இல்லாததால் திசை தெரியவில்லை.

“ஏட்டி, மேக்கு எது?”

“அந்தப் பக்கம். ஹாஸ்பிடல் இருக்குல்ல, அதுக்குப் பின்னால சன் போகும்.”

“பள்ளிக்குப் போயிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும்.”

“பள்ளியா? எந்த கிளாஸ் பெரியப்பா?”

அவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. பள்ளி என்றால் பள்ளிவாசல் என்று வள்ளிதான் மகளுக்கு விளக்கினாள். செல்விக்கு அவரிடம் கேட்க நிறைய இருந்தது. சுலைமான் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

“அவரு ஒரு ராசா. பறவை பேசுறதெல்லாம் அவருக்கு வெளங்குமாம். ஒருக்க பட்டாளத்தோட வந்துக்கிட்டு இருந்தாராம். கீழ ஒரு எறும்பு மத்த எறும்புககிட்டச் சொல்லுது: எல்லாரும் உள்ள போயிருங்க, நாம இருக்கது தெரியாம மிதிச்சுப்புடுவாங்கன்னு. அது அவரு காதுல விழுந்துருச்சு.”

“அப்புறம்?”

“சிரிச்சாராம். எறும்பு சொன்னது காதுல விழுந்த ராசா அவரு ஒருத்தருதான், பாத்துக்க.”

இதையெல்லாம் கேட்டபடி ஜோதிலிங்கம் ஆபீஸ் பைலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் விடியும் வேளையில் பால் வாங்க எழுந்தபோது அவன் அதைப் பார்த்தான். முற்றத்துக் குழாயிலிருந்து வராந்தா வழியாக அறைக்குள் ஈரக் காலடிகள் போயிருந்தன. அகலமான பாதம். பெருவிரல் கொஞ்சம் விலகியது. சிமெண்டுத் தரையின் குளிரில் அவை காயாமல் அப்படியே இருந்தன. அண்ணன் தொழுகைக்காகக் கை கால் கழுவிக்கொண்டு போன தடம் அது என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷமும் அது அப்பாவின் காலாக இருந்தது.

அப்பா இறந்தபோது ஜோதிலிங்கத்துக்குப் பதினான்கு வயது. ஐப்பசி மழை. கீழத்தெருவுக்கு இடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். போக இரண்டு வழி. ஒன்று மேலத்தெரு வழியாகப் பாலத்தின் மேல். மற்றது ஓடைக்குள் இறங்கி. அன்று ஓடையில் நெஞ்சளவு தண்ணீர் போனதால், ஒருநாளைக்கு மட்டும் பாலத்தில் விடுவார்கள் என்று நினைத்துப் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாலத்தின் தலைமாட்டில் ஏழெட்டுப் பேர் குடை பிடித்தபடி நின்றார்கள். அவர்கள் திட்டவில்லை, கம்பு எதுவும் வைத்திருக்கவில்லை. ஒன்றுமே சொல்லாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாடை திரும்பி ஓடைக்குள் இறங்கியது.

முன்னால் தூக்கியது பச்சைமுத்து. நடு ஓடையில் யாருக்கோ கால் வழுக்கியது. கயிறு நெகிழ்ந்து பாடை சாய்ந்தது. அப்பா தண்ணீருக்குள் போனார். செம்மண் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் குனிந்து துழாவினார்கள். கடைசியில் ஜோதிலிங்கத்தின் காலில் ஏதோ மெதுவாகச் சுற்றியது. அது தலைமுடி.

பால் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அந்த ஈரத் தடங்களை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து வெளியே போனான். திரும்பி வந்தபோது வள்ளி தரையைத் துடைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. கிட்வாய் நகர் முழுவதும் கட்டில்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடிகள், ரஜாய்கள், கிழவர்கள், எல்லாம் வெயிலில் கிடந்தன. காலனிக்குப் பின்னால் ஓடும் நாலா என்ற சாக்கடையின் நாற்றமும் வெயிலோடு சேர்ந்து வந்தது. கலியமூர்த்தி ஒரு காகிதப் பை நிறைய வேர்க்கடலையோடு வந்தான். விழுப்புரத்துக்காரன், ஜோதிலிங்கத்தின் ஆபீஸ்தான். எஸ்.சி. ஊழியர் சங்கத்தின் செயலாளர். வாய்க்கு அஞ்சாதவன்.

“அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க, நேரா கேக்கறேன். தலைக்கு ஐநூறு குடுத்தாங்கன்னு பேப்பர்ல எழுதறானே, நெசமா?”

“யாரு குடுத்தா?”

“அரபு நாட்டுக்காரன்.”

“எங்க ஊருக்கு வாறதுன்னா தென்காசில எறங்கி ரெண்டு பஸ்ஸு மாறணும். அவனுக்கு யாரு வழி சொன்னா?” அண்ணன் ஒரு கடலையை உரித்து, விழுங்க முடியாது என்று நினைவு வந்து, பருப்பைச் செல்வியின் கையில் போட்டார். “எனக்குச் சேர வேண்டியது இன்னும் வரல தம்பி. ஒனக்கு டெல்லில பெரிய ஆளுகளத் தெரியும்லா. கேட்டுச் சொல்லு.”

கலியமூர்த்தி சிரித்துவிட்டான். “சரி, அத உடுங்க. சட்டத்தச் சொல்றேன். இந்துவா இருந்தா நமக்கு எஸ்.சி. சலுகை. சீக்கியனா போனாலும் உண்டு. நீங்க போன பக்கம் கெடையாது. ஏன்னா, அங்க சாதியே இல்லியாம். பார்லிமெண்டுல ஒருத்தன் எழுந்து, இஸ்லாத்துல சமூக நீதி இருக்குது, அதான் போறாங்கங்கறான். இன்னொருத்தன் எழுந்து, அங்கயே இருக்குதுன்னா அப்புறம் சலுகை எதுக்குங்கறான். சாயந்திரம் ரெண்டு பேரும் ஒரே கேண்டீன்ல டீ குடிக்கறான். நாம எங்க நிக்கறோம் சொல்லுங்க?”

“சமூக நீதி மத்லப்?” என்றாள் செல்வி.

“சோஷியல் ஜஸ்டிஸ்,” என்றான் ஜோதிலிங்கம்.

“எனக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியாது தாயி,” என்றார் பெரியப்பா. “எனக்குச் சஹன் தெரியும். இம்மாம்பெரிய தட்டு. அதுல சோத்தக் கொட்டி, சுத்தி அஞ்சு பேரு உக்காந்து ஒண்ணாக் கை வச்சுச் சாப்புடணும். நோம்பு முடிஞ்ச பெருநாளைக்கு எனக்கு எதித்தாப்புல யாரு உக்காந்தாங்க? ரைஸ்மில்லு ராவுத்தரு. அவரு மில்லுல இருவது வருசமா மூட்டை தூக்குதேன். எனக்குன்னு அங்க ஒரு தகர டம்ளர் ஆணில தொங்கும். அன்னைக்கு எங்கையும் அவரு கையும் ஒரே சோத்துல கெடக்கு. நான் பயந்து பயந்து ஓரத்துல அள்ளுதேன். அவரு கறித்துண்ட எம்பக்கமாத் தள்ளுதாரு.”

“மறுநாளு?” என்றான் கலியமூர்த்தி.

“மறுநாளு மூட்டை தூக்கப் போனேன்.”

“பாத்தீங்களா.”

“தகர டம்ளரக் காணும். வாங்க பாய்ன்னாரு.”

“கூலி ஏறிச்சா?”

“ஏறல.”

“உங்க தெருப் பையனுக்குப் பொண்ணு குடுப்பாரா?”

 பக்கத்துக் கட்டிலில் யாரோ ரேடியோவில் கிரிக்கெட் வைத்திருந்தார்கள். பனியில் கேட்பதுபோல அந்தக் கூச்சல் தூரத்தில் கேட்டது.

“கேட்டுப் பாக்கல. கேட்டா குடுக்க மாட்டாரு. புது ஆளுன்னு இப்பவும் ஒரு பேரு இருக்கு எங்களுக்கு. அத நான் இல்லம்பேனா?”

“அப்புறம் இன்னாண்ணே சமத்துவம்?”

“பொண்ணு குடுக்க மாட்டாரு. தோள் குடுத்தாரு.”

வள்ளி அடுப்படிக் கதவருகே வந்து நின்றாள்.

“ஆடியில பேச்சி போயிட்டாள்லா,” என்றார் அவர், கலியமூர்த்தியிடம் சொல்வதுபோலத் தம்பியைப் பார்க்காமல். பேச்சி அவர் மனைவி. “பாத்திமான்னு பேரு வச்சு நாலு மாசம்தான் இருந்தா. பள்ளில சந்தூக்குன்னு ஒண்ணு இருக்கு, மையத்த, செத்தவுகள, வச்சுத் தூக்குத பெட்டி. எல்லாருக்கும் அது ஒண்ணுதான். பணக்காரனுக்கும் அதுதான், எனக்கும் அதுதான். தூக்குறவுக பத்தடிக்கு ஒருக்க தோள் மாத்துவாக. யாரு வேணும்னாலும் வந்து தோள் குடுக்கலாம். குடுத்தா நன்மை. எம்பொண்டாட்டிய எனக்குப் பேரு தெரியாதவனெல்லாம் சொமந்தான். ராவுத்தரு வந்து எம்பக்கத்துல தோள் குடுத்தாரு. மேலத்தெரு வழியா, பாலத்து மேலேயே போனோம். மழைதான். பாலத்துல குடையோட ஆளு நின்னுச்சு. ஒதுங்கி வழி விட்டுச்சு.”

 செல்வி கடலையை உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்தச் சாவுக்குத் தந்தி வந்தது. ஜோதிலிங்கம் லீவு கிடைக்கவில்லை என்று கடிதம் எழுதினான். லீவு கேட்கவே இல்லை.

ஜோதிலிங்கம் வழியனுப்பக் கேட் வரை வந்தபோது கலியமூர்த்தியின் குரல் தணிந்திருந்தது. “நல்ல மனுஷன்பா. வாதம் பண்ணத் தெரியாத ஆளுகிட்ட நான் தோத்துட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். செல்விக்குக் காலேஜ் சீட்டுக்கு சாதி சர்டிபிகேட் வந்து சேர்ற வரைக்கும் இவரு பேர அடக்கி வை. ஊர்ல தாசில்தார் ஆபீசுல இப்பக் கேக்கறாங்களாம், குடும்பத்துல யாராச்சும் போயிருக்காங்களான்னு.”

“அண்ணன் போனா எம்மவளுக்கு என்ன? சட்டப்படி...”

“சட்டப்படி ஒண்ணும் கெடையாது. சட்டமா வந்து விசாரிக்குது? ஆளுதான விசாரிக்கறான். இவரு கேஸ் பேப்பர்ல நீ என்னன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்னு நாளைக்கு எவனாச்சும் எடுத்துக் காட்டினா?”

ஜோதிலிங்கம் அன்று அண்ணனிடம் கெஞ்சினான். வியாழக்கிழமை ஒருநாள் மட்டும், கூப்பிட்டால் எழுந்துவிடுங்கள் என்றான். டாக்டர் பார்த்தால் போதும், பேரா முக்கியம், உயிர் முக்கியம் இல்லையா என்றான். அவர் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. “அய்யா கெனவுல வாறாரால ஒனக்கு?” என்று அப்பாவைப் பற்றி மட்டும் கேட்டார்.

“இல்ல.”

“எனக்கும் இப்பல்லாம் வரதில்ல. பேச்சிய எடுத்த அன்னையோட நின்னுட்டாரு.”

அப்படியானால் அவர் எங்கே போயிருப்பார் என்று ஜோதிலிங்கம் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்; ‘இல்ல’ என்றது பொய்.

வியாழக்கிழமை பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பீகாரிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்கள். கூரைக்கு மேல் பருந்துகள் வட்டமிடுவது கத்தலாக மட்டும் கேட்டது. அண்ணன் பெஞ்சில் நேராக உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, தேர்வு எழுத வந்தவர் மாதிரி காத்திருந்தார்.

“பச்சைமுட்டூ.”

அவர் அசையவில்லை. ஜோதிலிங்கம் அவர் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பச்சைமுட்டூ, மதராசி, கோன் ஹை?”

பக்கத்தில் மரம் முறிவதுபோல ஒரு சத்தம். அண்ணனின் முழங்கால்தான். எழுந்துவிட்டார். வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு நடப்பவர்போல, தோளைக் குறுக்கியபடி டாக்டர் அறைக்குள் போனார். ஊரில் மேலத்தெருவில் நடக்கும்போது அவர் அப்படித்தான் நடப்பார். எட்டு மாதத்தில் அது நிமிர்ந்திருந்தது. இவ்வளவு நாள் கூடவே இருந்தும் ஜோதிலிங்கம் அதைக் கவனித்திருக்கவில்லை. இப்போது மறுபடி குறுகியபோதுதான் தெரிந்தது.

டாக்டர் அன்றே சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமை ஆபரேஷன். கட்டி குரல்வளையைப் பிடித்திருக்கிறது, எடுக்காவிட்டால் சில மாதம்தான், எடுக்கும்போதும் ஆபத்து உண்டு, பிழைத்தாலும் குரல் போய்விடும் என்று இந்தியில் சொன்னார். ஜோதிலிங்கம் தமிழில் சொன்னபோது ஆபத்து என்பதைச் சின்னதாக்கிச் சொன்னான். குரல் என்பதைச் சின்னதாக்க முடியவில்லை.

மதியம் வார்டில் மலையாள நர்ஸ் ஒருத்தி ஒரு பாரத்தைக் கொண்டுவந்தாள். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று உறவினர் கையெழுத்துப் போட வேண்டும். மேலே நோயாளி பெயர். கீழே உறவினர் பெயர், என்ன உறவு.

“பேரு ஒருக்கா நோக்கிக்கோ சேட்டா,” என்றாள். “தப்புண்டெங்கில் இப்போ மாத்தாம். நிங்கள் எழுதி ஒப்பம் இட்டா போதும். ஆபரேஷன் கழிஞ்சா பின்னே எல்லாப் பேப்பரும் இந்தப் பேரில்தான். எந்து வந்தாலும்.”

எந்து வந்தாலும், என்ன நடந்தாலும், என்று சொல்லும்போது அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. பேனாவை பாரத்தின் மேல் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ராஜகோபாலன் அங்கே இல்லை. கலியமூர்த்தி இல்லை. வரிசை இல்லை. வெள்ளை இரும்புக் கட்டிலும், ஜன்னலில் பனியும், பச்சை ஆஸ்பத்திரிச் சட்டையில் அண்ணனும்தான். ஜோதிலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவின் மூடியைக் கழற்றினான். கழற்றியவன் எழுதாமல் இருந்தான். சர்டிபிகேட்டுக்காகப் போட்டோ எடுத்துக்கொள்ள, வள்ளியின் மெரூன் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்ற செல்வி நினைவுக்கு வந்தாள்.

“அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு?” என்றார் அண்ணன். குரல் அன்று காலையிலிருந்தே காற்றும் சத்தமும் பாதிப் பாதியாக வந்தது.

“கையெழுத்துப் போடணும்.”

“பேரு மாத்தலாம்ன்னு சொன்னாள்லா. மலையாளம் எனக்கும் கொஞ்சம் தெரியும். கொல்லத்துல முந்திரி ஆலைல ரெண்டு வருசம் கெடந்துருக்கேன்.”

ஜோதிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

“இங்க பாரு. சீட்டுக்கு எந்திரிச்சேன், ஒனக்காவ. ஒம்மவ படிக்கணும். அது எனக்குத் தெரியாமலா? அந்தச் சர்க்காரு சலுகை வேண்டாம்னு நான் சொல்லல. நீ அந்தப் பக்கமே இரு. நீயும் வான்னு ஒருநாளாச்சும் கூப்ட்டேனா?”

“இல்லண்ணே.”

“சனிக்கெழம நான் முழிக்கலன்னா?”

“அப்படியெல்லாம் பேசாதீங்க.”

“பேசுறதே இன்னும் ரெண்டு நாளைக்குத்தான. பேசிக்கிடுதேன்.” அவர் மூச்சு வாங்கினார். “முழிக்கலன்னா இந்தக் காயிதத்துல இருக்க பேர வச்சுத்தான் என்னயத் தருவாங்க. பச்சைமுத்து, தகப்பன் சுடலைமுத்து. எந்த வழியாத் தூக்கிட்டுப் போவ? யாரு தோள் குடுப்பா? அந்தப் பேருக்கு வழி ஒண்ணுதான்ல இருக்கு. ஓடைதான்.”

ஜன்னலுக்கு வெளியே பனியில் யாரோ நிற்பதுபோலிருந்தது. குடை பிடித்துக்கொண்டு. ஜோதிலிங்கம் உற்றுப் பார்த்தான். தண்ணீர்த் தொட்டியின் மூடி.

“முழிச்சிட்டேன்னு வையி. அப்பவும் குரல் போயிரும். நீ யாருன்னு எவனாச்சும் கேட்டா எம்பேர நான் சொல்ல முடியாது. வேற யாராச்சும்தான் சொல்லணும். எனக்கு வேற யாரு இருக்கா?”

அடுத்த கட்டிலில் ஒரு கிழவருக்கு மகன் ஆரஞ்சை உரித்து ஊட்டிக்கொண்டிருந்தான். அந்த வாசனை வார்டு முழுக்கப் பரவியது. அண்ணன் கையை நீட்டித் தம்பியின் மணிக்கட்டைத் தொட்டார். முப்பது வருஷம் மூட்டை தூக்கிய கை; உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருந்தது. குளிர்ந்திருந்தது.

“அன்னைக்கு ஓடைக்குள்ள அய்யாவத் தேடுறப்ப நாங்கெல்லாம் வாயப் பொத்திக்கிட்டுத் துழாவுனோம். நீ மட்டும் அய்யா அய்யான்னு கூப்பிட்டுக்கிட்டே தேடுன. ஞாபகம் இருக்கா? செத்தவரு கேட்டு எந்திரிச்சு வந்துருவாருன்னு நெனச்சியோ என்னமோ. கூப்பிட்டவன் காலுலதான் கெடச்சாரு.”

பேனா முனை காகிதத்தைத் தொட்டு ஒரு சின்ன நீலப் புள்ளி விழுந்து, ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

“செத்தவர அத்தன தடவ கூப்பிட்ட. நான் உசுரோடதான் இருக்கேன். இந்த எட்டு மாசத்துல ஒருக்கக்கூட எம்பேரு ஒன் வாயில வரல. எழுதுறது பொறவு எழுதிக்கோ. இப்ப எங்காதுல விழுற மாதிரி, ஒரே ஒரு தடவ எம்பேரச் சொல்லிக் கூப்புடுல.”